‘எவ்ரி அதர் டே’ என்றால் எந்த நாள்? ஆங்கிலத் தொடர்களை நேர்ப்பொருளா, மரபுப்பொருளா என்று பிரித்துத் தமிழில் எழுத ஒரு வழிகாட்டி

வசன வரிகள், மருந்துத் துண்டறிக்கைகள், செய்திக் கட்டுரைகள் என்று ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். வேலை பழக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பதை யாரும் பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்று இப்போது எழுதுவதில்லை. பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள். சறுக்குவது சாதாரணமாகத் தெரியும் தொடர்களில்தான். அதனால் படிகளின் வரிசையைக் கவனியுங்கள். வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். ஆங்கில–தமிழ் அகராதி மட்டும் போதாது. அது பெரும்பாலும் தனிச்சொல்லுக்குத்தான் பொருள் தரும். ‘கிக் த பக்கெட்’ என்றால் செத்துப்போவது. ஆனால் ‘பக்கெட்’ என்று தேடினால் அது வாளியைக் காட்டும், சாவைக் காட்டாது. கற்போர் அகராதிகளில் ஒவ்வொரு சொல்லின் கீழும் மரபுத்தொடர்கள் தனிப்பகுதியாக இருக்கும். பலர் முதல் இரண்டு பொருளைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கடைசிவரை இறங்கிப் பாருங்கள்.

அடுத்து, முழு உரை. தனி வரியைத் துண்டாக வெட்டி அனுப்பினால், முன்னும் பின்னும் பத்து வரி கேட்டு வாங்குங்கள். படமென்றால் காட்சியையும் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், இது இல்லாமல் மூன்றாவது படியைத் தாண்ட முடியாது.

தமிழ்ப் பக்கத்துக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி உதவும். தமிழ்த் தொடரின் பொருள் நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பது ஒன்பதாவது படியில் தெரியும்.

2. முதல் வாசிப்பில் எழுதாதீர்கள், குறியிடுங்கள்

ஒருமுறை முழுவதும் படித்து, சந்தேகம் வரும் தொடர்களின் ஓரத்தில் ‘நே’, ‘ம’, ‘து’ என்று குறியுங்கள்: நேர்ப்பொருள் (சொல்லுக்குச் சொல் வரும் பொருள்), மரபுப்பொருள் (தொடர் முழுவதும் சேர்ந்து வழக்கில் தரும் பொருள்), துறைச்சொல் (ஒரு துறைக்கே உரிய பெயர்). சந்தேகம் தீராவிட்டால் கேள்விக்குறி.

படித்துக்கொண்டே எழுதினால், தொடர் கண்ணில் பட்டதும் கை ஒரு தமிழ் வாக்கியத்தை அமைத்துவிடும். அப்புறம் அது தப்பு என்று தெரிந்தாலும் முழுவதும் அழிக்க மனம் வராது. ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப் பார்ப்போம். ஒட்டுப்போட்ட வாக்கியம் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

3. இந்தக் காட்சியில் அது உண்மையிலேயே நடக்க முடியுமா?

முதல் சோதனை இதுதான். ‘அவன் வாளியை உதைத்தான்’ என்பது ஆஸ்பத்திரிக் காட்சியில் வந்தால் செத்துப்போனான் என்று பொருள். மாட்டுத்தொழுவத்தில் பால் கறக்கும் காட்சியில் வந்தால் வாளி வாளிதான்.

நேர்ப்பொருள் அபத்தமாக இருந்தால் கவலையில்லை, தானே மாட்டிக்கொள்ளும். இரண்டும் நடக்கக்கூடிய இடம்தான் வம்பு. பனிப்பிரதேசத்தில் நடக்கும் கதையில் ஒருவன் ‘கோல்ட் ஃபீட்’ என்கிறான். கால் விறைத்துவிட்டதா, கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குகிறானா? அடுத்த வரியில் காலுறையைத் தேடினால் ஒன்று, கல்யாணத்தை நிறுத்தினால் வேறொன்று.

‘ப்ளூ மூன்’ இன்னொன்று. பேச்சில் வந்தால் ‘ஆடிக்கு ஒருதரம் அமாவாசைக்கு ஒருதரம்’. வானியல் கட்டுரையில் வந்தால் அது நிஜ நிலா: ஒரே ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமி. ஏறக்குறைய இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை வரும். 2023 ஆகஸ்ட்டில் வந்தது. (அவர்கள் பௌர்ணமியைச் சொன்ன இடத்தில் நாம் அமாவாசையைச் சொல்கிறோம். இதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு.)

4. தொடரை ஆட்டிப் பாருங்கள்

காட்சி பதில் சொல்லாவிட்டால் வாக்கிய அமைப்பைப் பாருங்கள். மரபுத்தொடர் இறுகிய முடிச்சு. ஒரு சொல்லை மாற்றினாலே அவிழ்ந்துவிடும். ‘கிக்ட் த பக்கெட்’ என்றால் சாவு. ‘கிக்ட் எ பக்கெட்’ என்றாலோ, வாளிக்கு முன்னால் ‘சிவப்பு’ என்று சேர்த்தாலோ வாளிதான். ‘வாளி உதைக்கப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையில் வந்தாலும் யாரும் சாகவில்லை.

எல்லா முடிச்சும் ஒரே இறுக்கமல்ல. ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்றால் ரகசியத்தை உளறிவிடுவது. ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’ என்று செயப்பாட்டில் வந்தாலும் அதே பொருள்தான். ஆனால் ‘ஒரு கிலோ பீன்ஸ்’ என்று அளவு வந்துவிட்டால் சமையலறையைப் பெருக்க ஆள் வேண்டும். ஆகவே இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். மூன்றாவது படியின் முடிவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

5. உருவமில்லாத சிறு தொடர்களைத் தனியாகச் சலித்தெடுங்கள்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். வாளி, பூனை, யானை என்று ஏதாவது உருவம் இருந்தால் மனம் உஷாராகிவிடும். கீழே வருபவற்றில் உருவமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஒன்றாம் வகுப்புச் சொல். அகராதியைத் திறக்கவே தோன்றாது.

‘எவ்ரி அதர் டே’: ஒருநாள் விட்டு ஒருநாள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு மாத்திரைத் துண்டறிக்கையில் இதை ‘மற்ற எல்லா நாட்களிலும்’ என்று எழுதினேன். எந்த நாள் தவிர மற்ற நாள் என்று மெய்ப்புப் பார்த்தவர் கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. அச்சுக்குப் போகுமுன் பிடிபட்டது என் நல்ல நேரம்.

‘த அதர் டே’: சில நாட்களுக்கு முன்பு, ‘அன்றைக்கு ஒருநாள்’. மறுநாள் அல்ல. இரண்டையும் குழப்பினால் கதையில் காலமே தலைகீழாகிவிடும்.

‘குவைட் எ ஃப்யூ’: நிறையப் பேர். ‘ஃப்யூ’வைப் பார்த்துச் ‘சிலர்’ என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டத்துக்கு ஆள் வந்ததா இல்லையா என்பதே மாறிவிடுகிறது.

‘ஐ குடன்ட் அக்ரீ மோர்’: முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ‘இதற்கு மேல் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது’ என்று ஒருவர் எழுதிக் கொண்டுவந்தார். திரையில் இருவரும் சிரித்துக் கைகுலுக்குகிறார்கள், கீழே வசனத்தில் சண்டை.

‘ஆல் பட்’, ‘எனிதிங் பட்’ இரண்டும் ஒன்றுபோல் தெரியும். முதலாவது ‘கிட்டத்தட்ட’, இரண்டாவது ‘துளியும் இல்லை’. ‘ஆல் பட் ஃபினிஷ்ட்’ என்றால் வேலை முடிகிற கட்டத்தில் இருக்கிறது. ‘எனிதிங் பட் ஃபினிஷ்ட்’ என்றால் முடிந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

‘த லாஸ்ட் திங் ஐ வான்ட்’: எனக்குக் கொஞ்சமும் வேண்டாதது. ‘நான் கடைசியாக விரும்புவது’ என்று எழுதினால் சாகப்போகிறவனின் ஆசைபோல ஆகிவிடும்.

இவற்றைப் பிடிக்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும். ‘நாட்’, ‘பட்’, ‘அதர்’, ‘லாஸ்ட்’, ‘ஃப்யூ’, ‘குடன்ட்’ என்று ஒரு சின்னப் பட்டியலை ஒட்டிவைத்து, கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடி நின்று பார்ப்பது. அலுப்பான வேலைதான். செய்துவிடுங்கள்.

6. பேசுகிறவர் எந்த நாட்டுக்காரர்?

ஒரே தொடர், நாட்டுக்கு நாடு பொருள் மாறும். ‘டேபிள்’ என்ற வினையைப் பாருங்கள். பிரிட்டனில் ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. நேர் எதிர். இரண்டாம் உலகப்போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்தச் சொல்லை வைத்து வெகுநேரம் சண்டைபோட்டதையும், கடைசியில் இரண்டு பேரும் ஒன்றையேதான் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததையும் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். நம் நாடாளுமன்றச் செய்திகளில் வருவது பிரிட்டிஷ் வழக்கு, அதனால் ‘தாக்கல்’ என்று எழுதலாம். அமெரிக்க அலுவலக மின்னஞ்சலில் அப்படி எழுதினால் கதை கந்தல்.

நம் ஊர் ஆங்கிலத்துக்கும் தனிப் பொருள்கள் உண்டு. ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2012’ என்று நம்மவர் சொன்னால் 2012-இல் படிப்பை முடித்தார். லண்டன்காரர் ‘பாஸ்டு அவுட்’ என்றால் பெரும்பாலும் மயங்கி விழுந்தார். ‘ஹார்ட்பர்ன்’ மருத்துவக் கட்டுரையில் நெஞ்செரிச்சல். இந்திய ஆங்கில நாளிதழில் ‘சீட் கிடைக்காத தொண்டர்களிடையே ஹார்ட்பர்ன்’ என்று வந்தால் அது மனக்கசப்பு, உட்கட்சிப் புகைச்சல். அதற்கு ஜெலுசில் கொடுத்துப் பயனில்லை.

7. துறைச்சொல்லானால் கைவைக்காதீர்கள்

‘ரெட் ஹெர்ரிங்’ துப்பறியும் கதையில் வந்தால் வாசகரைத் திசைதிருப்பும் பொய்த்தடயம். பங்குச்சந்தைச் செய்தியில் ‘ரெட் ஹெர்ரிங் பிராஸ்பெக்டஸ்’ என்று வந்தால் அது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொல்லும் ஆவணம்: பங்கின் விலை அல்லது எண்ணிக்கை பற்றிய முழு விவரம் இல்லாத விவரக்குறிப்பு. அதில் பொய்த்தடயம் எதுவும் இல்லை. பெயரை அப்படியே வைத்து, முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். பெயரைத் தமிழாக்கினால், பணம் போடப்போகிறவர் அந்த ஆவணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

‘ஸ்கெலிடன் ஸ்டாஃப்’ என்பதை ‘எலும்புக்கூடு ஊழியர்கள்’ என்று ஒரு பயிற்சித்தாளில் பார்த்தேன். குறைந்தபட்ச ஊழியர்கள், அவ்வளவுதான்.

8. அலங்காரமில்லாமல் ஒரு வரியில் கருத்தை எழுதுங்கள்

இப்போதுதான் எழுதத் தொடங்குகிறீர்கள். ‘ம’ என்று குறித்த ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் வெறும் கருத்தை மட்டும் எழுதுங்கள். கூடவே அந்த வரி என்ன செய்கிறது என்பதையும்: கேலியா, ஆறுதலா, மிரட்டலா, பேச்சை முடிக்கிறாரா?

புதியவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராகப் பழமொழி தேடப் போகிறார்கள். அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் வழக்கமான சண்டை. ‘டெல் மி அபௌட் இட்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி வீட்டுவாடகை ஏறிவிட்டது என்று புலம்புகிறாள், தோழி இப்படிச் சொல்கிறாள். சொல்லுக்குச் சொல் ‘அதைப் பற்றிச் சொல்லு’. கருத்து: எனக்கும் அதே கஷ்டம், நன்றாகவே தெரியும். செய்வது: கூடச் சேர்ந்து புலம்புவது. இவ்வளவும் ஓரத்தில் எழுதியதும் தமிழ் தானாக வருகிறது: ‘அதை ஏன் கேக்குற!’ பழமொழி தேடிப் போயிருந்தால் ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்று கிடைத்திருக்கும். அதே பேச்சுக்கு அது குத்தலாகிவிடும்.

9. தமிழ்த் தொடரைத் தேர்ந்தெடுங்கள், இரட்டையரை நம்பாதீர்கள்

மூன்று வழி உண்டு: பொருந்தும் தமிழ்த் தொடர், வெறும் கருத்து, ஆங்கில உருவத்தையே தமிழில் சொல்வது. மூன்றாவது பெரும்பாலும் தப்பு. ஆனால் ‘பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது’ போன்றவை அரசியல் பேச்சில் புழங்கிப் புழங்கி நம் தொடராகவே ஆகிவிட்டன. அப்படி நிலைத்தவற்றைத் தாராளமாக எழுதலாம். புதிதாக ஒன்றை நீங்கள் நிலைநிறுத்தப் பார்க்க வேண்டாம்.

பெரிய பொறி, பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்து பொருள் மாறும் இரட்டையர்கள்.

‘புல்லிங் மை லெக்’ என்றால் விளையாட்டுக்குச் சொல்லி ஏமாற்றுவது. ‘காலை வாரிவிட்டான்’ என்றால் நம்பவைத்துக் கவிழ்த்துவிட்டான். பேச்சில் காலை வாருவது கேலி செய்வதாகவும் வரும், ‘வாரிவிடுவது’ துரோகம். அந்த ஒரு ‘விடு’ நட்பை முறித்துவிடும்.

‘பிளாக் ஷீப்’ ஆங்கிலத்தில் குடும்பப் பெயரைக் கெடுத்த பிள்ளை. நம் செய்திகளில் ‘கறுப்பு ஆடு’ கூடவே இருந்து காட்டிக்கொடுப்பவன். சூதாடி வீட்டைவிட்டு ஓடிய அண்ணனைக் ‘கறுப்பு ஆடு’ என்றால், யாரைக் காட்டிக்கொடுத்தான் என்று வாசகர் தேடுவார். ‘குடும்ப மானத்தை வாங்கினவன்’ போதும்.

‘ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்’ புது இடத்தில் ஒட்டாமல் முழிப்பது. தமிழில் தண்ணீரை விட்டு எடுத்த மீன் உயிருக்குத் துடிக்கும். முதல்நாள் அலுவலகம் போன பையன் துடிக்கவில்லை. அவனுக்குக் ‘கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி’ இருக்கிறது.

‘ஒயிட் எலிஃபன்ட்’, பயனில்லாமல் செலவு வைக்கும் சொத்து. ‘வெள்ளை யானை’ என்றால் நமக்கு இந்திரனின் ஐராவதம் நினைவுக்கு வரும், அதாவது பெருமை. ‘யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை’ என்று எழுதுங்கள். யானையும் தப்பியது, பொருளும் தப்பியது.

தொனியையும் எடைபோட வேண்டும். ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பதற்குப் பேச்சில் ‘மழை கொட்டோ கொட்டென்று கொட்டுது’ என்பதே சரி. ‘கனமழை’ வானிலைத்துறையின் சொல், 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் அந்தப் பெயர். ‘அடைமழை’ விடாமல் பெய்வது. பலமாகப் பெய்ய வேண்டும் என்பதில்லை.

ஒட்டகத்தின் முதுகை முறித்த கடைசித் துரும்பு என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, அதற்கு ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற 475-ஆவது குறள் அச்சு அசலாகப் பொருந்துகிறது. மயிலிறகுதான் என்றாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். கட்டுரையில் எடுத்தாளலாம். வேலையை விட்டெறியும் மெக்கானிக்கின் வாயில் வைத்தால் திரையரங்கே சிரிக்கும். அவருக்கு ‘இதுக்கு மேல முடியாது சாமி’.

10. இரண்டு பொருளும் ஒன்றாக வந்தால்

விளம்பரத்திலும் தலைப்புகளிலும் வேண்டுமென்றே இரண்டையும் சேர்த்து விளையாடுவார்கள். முதலில் எந்தப் பொருள் இல்லாவிட்டால் வரி செத்துப்போகும் என்று பாருங்கள், அதைக் காப்பாற்றுங்கள். மற்றது கிடைத்தால் லாபம்.

அபூர்வமாக இரண்டும் கிடைக்கும். முடிதிருத்தும் கடையில் ஒருவர் விபத்திலிருந்து தப்பிய கதையைச் சொல்கிறார், கத்தியைத் தீட்டியபடியே கடைக்காரர் ‘க்ளோஸ் ஷேவ்’ என்கிறார். ஒட்டச் சிரைப்பதும் அதுதான், நூலிழையில் தப்பிப்பதும் அதுதான். தமிழில் ‘மயிரிழையில் தப்பிச்சீங்க!’ நாற்காலிக்குக் கீழே மயிரும் கிடக்கிறது. இப்படி ஒன்று மாட்டினால் அன்றைக்குச் சீக்கிரம் கடையைக் கட்டிவிடலாம்.

கிடைக்காதபோது வலிந்து செய்யாதீர்கள். சிலேடை போனதை யாரும் கவனிக்கமாட்டார்கள், முண்டிப்பிடித்துச் செய்ததைக் கவனிப்பார்கள்.

11. ஆங்கிலத்தை மூடிவைத்து உரக்கப் படியுங்கள்

முடித்த அன்றே வேண்டாம், மறுநாள் படியுங்கள். அன்றைக்கே படித்தால் ஆங்கில வரி காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். தமிழில் இல்லாத பொருளை நாமே நிரப்பிக்கொள்வோம். முடிந்தால் ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, எங்கே முகம் சுளிக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

நேர்ப்பொருள் என்று ‘நே’ போட்டவற்றையும் இந்த வாசிப்பில் சோதியுங்கள். தமிழில் எழுதியபின் அது வேறொரு மரபைத் தொட்டிருக்கலாம். ஒரு படத்தில் இழவு வீட்டிலிருந்து கிளம்பும் நண்பன், இறந்தவரின் மனைவியிடம் ‘சீ யு லேட்டர்’ என்கிறான். புதிதாகச் சேர்ந்த பெண் ‘போயிட்டு வர்றேன்’ என்று எழுதியிருந்தாள். ஆங்கிலத்துக்கு எந்தக் குறையும் இல்லை. தினமும் நாம் சொல்வதுதான். மூலத்தைப் பார்க்காமல் படித்த எங்கள் மெய்ப்புக்காரர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ‘சாவு வீட்டுல போய் யாராவது போயிட்டு வர்றேன்னு சொல்வாங்களாம்மா?’

அந்த இடத்தில் வசனத்தையே எடுத்துவிட்டோம். திரையில் அவன் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறான்.